தீப்பொறியா, பெட்ரோலா?

பழைய கார் வைத்திருப்பவர்களுக்குப் பழகிப்போன காட்சி இது. காலையில் கார் கிளம்ப மறுக்கிறது. அல்லது போகிற வழியில் மிஸ்ஸிங் அடிக்கிறது. மெக்கானிக் வருகிறார், பானெட்டைத் திறக்கிறார், இரண்டு தடவை ரேஸ் கொடுத்துக் காதைச் சாய்க்கிறார். “கார்புரேட்டர்தான் சார்.” அடுத்த பத்து நிமிடத்தில் கார்புரேட்டர் அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றப்பட்டு, ஒரு அழுக்குத் தட்டில் பெட்ரோலில் ஊறிக்கொண்டிருக்கிறது. கொல்கத்தாவில் அம்பாசடர், புனேயில் பத்மினி, போபாலில் மாருதி 800. வண்டி மாறினாலும் வசனம் மாறுவதில்லை.

பெரும்பாலான நேரங்களில் கார்புரேட்டர் நிரபராதி. ஆனாலும் பழி அதன் மேல் விழக் காரணம் இருக்கிறது. அது கண்ணில் படுகிற இடத்தில் இருக்கிறது, திருகிப் பார்க்க அதில் ஸ்க்ரூக்கள் இருக்கின்றன, திருகினால் எஞ்சினின் சத்தம் மாறுகிறது. தவிர, கார்புரேட்டரைக் கழற்றும் மெக்கானிக் கையோடு பிளக்குகளையும் கழற்றிப் பிரஷ் போட்டு மாட்டிவிடுகிறார். கார் கிளம்பிவிடுகிறது. வேலை செய்தது பிளக், பெயர் கார்புரேட்டருக்கு. இரண்டு வாரத்தில் மிஸ்ஸிங் திரும்ப வருகிறது.

இதில் நஷ்டம் கூலி மட்டுமல்ல. பத்மினி இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே விடைபெற்றுவிட்டது. அம்பாசடரும் மாருதி 800-ம் 2014-ல் உற்பத்தியை முடித்துக்கொண்டன. நல்ல அசல் கார்புரேட்டர் இனிமேல் பழைய சாமான் கடையில் தேடவேண்டிய பொருள். ஒவ்வொரு முறை கழற்றும்போதும் அலுமினிய உடலில் மரை தேய்கிறது. அடைத்துக்கொண்ட ஜெட்டைக் கம்பியால் குத்தும் மகானுபாவர்கள் வேறு இருக்கிறார்கள். பித்தளையில் துளையிட்ட அந்தச் சின்ன ஓட்டை கொஞ்சம் பெரிதானாலே போதும், பெட்ரோல் அளவு நிரந்தரமாகத் தப்பிவிடும். பழுதே இல்லாத பாகத்துக்குப் பழுது உண்டாக்கி, அதன் மேல் இன்னொரு பழுதைத் தேடி, கடைசியில் “வயசாயிடுச்சு சார், வித்துடுங்க” என்ற தீர்ப்புக்கு வருகிறார்கள். 15 வருடம் கடந்த காருக்குப் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. அதற்கு மேல் இந்தச் செலவும் சேர்ந்தால், சொன்ன விலைக்குத் தள்ளிவிடத்தான் தோன்றும். பல கார்கள் இப்படித்தான் இரும்புக் கடைக்குப் போகின்றன. உண்மையான குற்றவாளி ஒரு கண்டென்சராகவோ தளர்ந்துபோன எர்த் வயராகவோ இருந்திருக்கும்.

எனவே எந்தப் பாகம் என்ற கேள்வியை முதலில் தள்ளி வையுங்கள். அதற்கு முந்தைய கேள்வி, எப்போது என்பது. கார் எப்போது மக்கர் செய்கிறது? காலையில் குளிர்ந்த எஞ்சினிலா, ஓடிச் சூடான பிறகா? சிக்னலில் நிற்கும்போது உதறுகிறதா, மேம்பாலம் ஏறும்போதா? மழை நாளில் மட்டுமா? இந்த விவரம் மெக்கானிக்குக்குத் தெரியாது. வண்டியை ஓட்டும் உங்களுக்குத்தான் தெரியும். ஒரு வாரம் கவனித்துக் குறித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

ஐட்லிங்கில் உதறிவிட்டு வேகமெடுத்ததும் சீராக ஓடும் வண்டி ஒரு ஜாதி. எங்கோ காற்று கசிந்து உள்ளே போகிறது, அல்லது டேப்பட் இறுகியிருக்கிறது, அல்லது ஐட்லிங் ஜெட்டில் தூசி. ஐட்லிங்கில் சமர்த்தாக இருந்துவிட்டு, மேடு ஏறும்போது ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் வெட்டி வெட்டி இழுக்கும் வண்டி வேறு ஜாதி. அங்கே சந்தேகம் மின்சாரப் பக்கம் போகவேண்டும். காரணம் எளிது. ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது சிலிண்டருக்குள் அதிகக் கலவை போய் அழுத்தம் கூடுகிறது. அழுத்தம் கூடக்கூட, பிளக்கின் இடைவெளியைத் தாண்டிக் குதிக்கத் தீப்பொறிக்கு அதிக வோல்டேஜ் வேண்டும். ஐட்லிங்கில் எப்படியோ சமாளித்த நோஞ்சான் காயிலும் தேய்ந்த பிளக்கும் இங்கே கைவிரித்துவிடுகின்றன. உயர் வோல்டேஜ் பிளக்கில் குதிக்க முடியாமல், வெடித்த ரப்பர் வயர் வழியாக எஞ்சின் உடம்பில் குதித்துவிடுகிறது.

உட்கார்ந்த இடத்திலேயே கண்டுபிடிக்க இன்னொரு வழியும் உண்டு. மின்சாரக் கோளாறு திடீரென்று வெட்டும், சுவிட்சை அணைத்துப் போட்டதுபோல. பெட்ரோல் வராத கோளாறு அப்படி வெட்டாது. வண்டி மெல்ல மூச்சு வாங்கி, இழுவை குறைந்து, காலை எடுத்தால் கொஞ்சம் தேறி, மறுபடி அழுத்தினால் சோர்ந்துபோகும். இரண்டு முறை அனுபவித்தவர்களுக்கு இந்த வித்தியாசம் மறக்காது.

இனி பானெட்டைத் திறக்கலாம். கார்புரேட்டருக்கு முன்னால் பேட்டரி. சாவியைத் திருகினால் செல்ஃப் சுற்றுகிறது, எனவே பேட்டரி நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டுவது தவறு. ஓய்வில் 12.6 வோல்ட் காட்டும் பேட்டரி, செல்ஃப் சுற்றும்போது 9.6-க்குக் கீழே போனால் அது நலிந்த பேட்டரி. மின்சாரம் முழுவதையும் செல்ஃப் மோட்டாரே விழுங்கிவிடுகிறது. காயிலுக்கு மிச்சம் கிடைப்பது எச்சில். தள்ளிவிட்டால் உடனே கிளம்பி, செல்ஃபில் கிளம்பாத காரின் ரகசியம் பெரும்பாலும் இதுதான். பேட்டரி முனைகளில் பூத்திருக்கும் வெள்ளை உப்பைச் சுடுதண்ணீர் விட்டுக் கழுவுங்கள். எஞ்சினையும் பாடியையும் இணைக்கும் பட்டையான எர்த் வயரைக் கையால் ஆட்டிப் பாருங்கள். எஞ்சின் ரப்பர் மௌன்டிங்குகள் மேல் உட்கார்ந்திருப்பதால் அந்தப் பட்டைதான் அதன் திரும்பும் பாதை. பெயின்ட் வேலைக்குப் பிறகு இதைச் சரியாக முடுக்காமல் விடுவது சகஜம்.

அடுத்தது தீப்பொறி. ஒரு பிளக்கைக் கழற்றி, அதன் வயரில் திரும்பச் செருகி, பிளக்கின் இரும்பு உடம்பு எஞ்சின் இரும்பைத் தொடும்படி வையுங்கள். கார்புரேட்டருக்கும் கழற்றிய பிளக் துவாரத்துக்கும் பக்கத்தில் வேண்டாம். அங்கே பெட்ரோல் ஆவி இருக்கும். கையால் பிடிக்கவும் வேண்டாம், பத்தாயிரம் வோல்ட்டுக்கு மேல் பாயும். ஒருவர் செல்ஃப் அடிக்கட்டும். நீலமாக, ‘டிக் டிக்’ என்று கேட்கும்படி வந்தால் நல்ல பொறி. மஞ்சளாக, சத்தமில்லாமல் வந்தால் அது பொறியே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த பிளக்கின் முகத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஈரமாகப் பெட்ரோல் வாசம் அடித்தால் பெட்ரோல் வருகிறது, பொறிதான் இல்லை, அல்லது சோக் அதிகமாகி ஓவர்ஃப்ளோ ஆகிவிட்டது. எத்தனை நேரம் செல்ஃப் அடித்தும் காய்ந்து கிடந்தால் பெட்ரோல் வரவில்லை. கரி அப்பியிருந்தால் கலவையில் பெட்ரோல் அதிகம். வெளுத்துச் சுண்ணாம்பாக இருந்தால் காற்று அதிகம். பளபளவென்று எண்ணெய் பிசுக்கு இருந்தால் ரிங், அல்லது வால்வ் கைடு தேய்ந்திருக்கிறது. எல்லா பிளக்கையும் சிலிண்டர் வரிசைப்படி ஒரு பேப்பரில் அடுக்கிப் பார்ப்பது உத்தமம். மூன்று ஒரே நிறமாக இருந்து நான்காவது மட்டும் வேறுபட்டால், தேடவேண்டிய இடம் ஒரு சிலிண்டராகச் சுருங்கிவிட்டது.

பொறி பலவீனம் என்றால் டிஸ்ட்ரிபியூட்டரைத் திறக்கவேண்டும். எலெக்ட்ரானிக் இக்னிஷன் வராத கார்களில் முழு நாடகமும் இந்தச் சின்னக் கிண்ணத்துக்குள்தான். பாயின்ட் மூடியிருக்கும்போது காயிலில் மின்சாரம் பாய்கிறது. பாயின்ட் திறந்த கணத்தில் அது அறுபட, காயிலின் இன்னொரு சுற்றில் பல்லாயிரம் வோல்ட் பிறக்கிறது. நாலு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றும்போது இது நொடிக்கு 100 தடவை நடக்கிறது. அம்பாசடரின் பாயின்ட் இடைவெளி 0.4 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. மற்ற கார்களிலும் கிட்டத்தட்ட 0.4, 0.5-க்குள்தான். நடுவழியில் ஃபீலர் கேஜ் இல்லாவிட்டால் கொஞ்சம் தடித்த விசிட்டிங் கார்டு ஒன்று வீடு கொண்டு சேர்த்துவிடும்.

பாயின்ட்டின் கால்பகுதி கேம் மேல் உரசித் தேய்வதால் இடைவெளி மாதக்கணக்கில் குறுகிக்கொண்டே வரும். இடைவெளி குறுகினால் பாயின்ட் தாமதமாகத் திறக்கும், பொறியும் தாமதமாக வரும். அதாவது இடைவெளி மாறினாலே டைமிங்கும் மாறிவிடுகிறது. முதலில் டைமிங் வைத்துவிட்டு அப்புறம் பாயின்ட்டைச் சரிசெய்பவரைப் பார்த்தால் வண்டியை வேறு இடத்துக்கு ஓட்டிப் போய்விடுங்கள்.

பாயின்ட்டின் முகம் கருகி, ஒரு பக்கம் குழியும் மறுபக்கம் மேடுமாக இருந்தால் கண்டென்சர் மேல் கை வையுங்கள். ஐட்லிங்கில் ஒழுங்காக இருந்து வேகத்தில் மிஸ்ஸிங், சைலன்சரில் ‘படார்’, பாயின்ட்டில் கண்ணுக்குத் தெரியும் பெரிய தீப்பொறி, இவையெல்லாம் கண்டென்சரின் வேலை. கடையில் வாங்கும் புதிய கண்டென்சரும் முதல் நாளே செத்திருக்கலாம். எனவே ஓடும் நிலையில் இருக்கும் பழையதைத் தூக்கிப் போடாதீர்கள், டிக்கியில் இருக்கட்டும்.

டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் உட்புறத்தை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். பென்சிலால் கோடு கிழித்ததுபோல மெல்லிய கருப்பு ரேகை ஓடினால் அந்த வழியில் மின்சாரம் திருடு போகிறது. துடைத்தால் போகாது, மூடியை மாற்றவேண்டும். நடுவில் ஸ்பிரிங்கோடு இருக்கும் கார்பன் முளை இருக்கிறதா என்றும் பாருங்கள். இருட்டிய பிறகு பானெட்டைத் திறந்து எஞ்சினை ஓடவிட்டால், வெடித்த பிளக் வயர்கள் நீல மின்மினியாகத் தங்களைக் காட்டிக் கொடுக்கும். ஜூன், ஜூலையில் மும்பை டாக்ஸிக்காரர்கள் ஒரு பழந்துணியைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருந்ததும் இதற்குத்தான். தேங்கிய தண்ணீரில் இறங்கி நின்றுபோன பத்மினிக்கு மூடியைக் கழற்றி உள்ளே ஈரத்தைத் துடைப்பதுதான் முதலுதவி. அந்தக் கறுப்பு-மஞ்சள் பத்மினிகளில் பதிவிலிருந்த கடைசி டாக்ஸி 2023 அக்டோபரில் ஓய்வு பெற்றது. கைவைத்தியம் மட்டும் எந்தக் கார்புரேட்டர் காருக்கும் இன்றைக்கும் பொருந்தும்.

மூடியில் பிளக் வயர்களை மாட்டும்போது வரிசை மாறினால் வேறு வம்பு. அம்பாசடருக்கும் பத்மினிக்கும் வெடிக்கும் வரிசை 1-3-4-2, மாருதி 800-க்கு 1-3-2. சர்வீசுக்குப் போய் வந்த அன்றே கார்புரேட்டரில் தும்மலும் சைலன்சரில் வெடியும் ஆரம்பித்தால் புதிதாக எதுவும் கெட்டுப்போயிருக்காது, வயர்தான் இடம் மாறியிருக்கும்.

இனி கோடைக்கால நோய். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனெனில் அதிகப் பணம் வீணாவது இங்கேதான். மே மாதம், நாக்பூர் அல்லது ஜான்சி வெயில். இருபது, முப்பது கிலோமீட்டர் ஓடியதும் கார் வெட்டி வெட்டி நின்றுவிடுகிறது. எல்லோரும் ஒரே குரலில் சொல்வது: வேப்பர் லாக். அதாவது, சூட்டில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகி, பம்ப்பால் இழுக்க முடியவில்லை. உடனே எஞ்சினோடு ஒட்டிய ஃப்யூயல் பம்ப் மேல் ஈரத்துணி போட்டு, மரத்தடியில் கால் மணி காத்திருந்து செல்ஃப் அடித்தால், கிளம்பிவிடுகிறது. நோய் உறுதியாயிற்று!

உறுதியாகவில்லை. சூட்டில் செத்து, ஆறினால் பிழைக்கும் பாகம் இன்னொன்றும் அதே பானெட்டுக்குள் இருக்கிறது: காயில். உள்ளே முடிபோன்ற செம்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றியிருக்கிறது. அதன் காப்பு வயதாகி நலிந்தால், சூடேறும்போது உள்ளேயே மின்சாரம் கசியும். ஆறியதும் ஒழுங்காகிவிடும். கால் மணி காத்திருந்தது பம்ப்பை மட்டுமா ஆற வைத்தது? காயிலையும்தான். எனவே ஈரத்துணி வைத்தியம் பலித்தது என்பது எதற்கும் சாட்சி ஆகாது. எனக்குத் தெரிந்த ஒருவர் இந்த மாதிரி நின்றுபோகும் பத்மினிக்கு இரண்டு கோடைகளில் இரண்டு ஃப்யூயல் பம்ப் மாற்றினார், கார்புரேட்டரை மூன்று முறை இறக்கினார், பெட்ரோல் குழாய்க்கு அஸ்பெஸ்டாஸ் கயிறுகூடச் சுற்றினார். கடைசியில் குணமானது காயிலை மாற்றியபோது.

எது என்று தெரிந்துகொள்ள, வண்டி நின்ற அந்த நிமிடத்திலேயே சோதிக்கவேண்டும், ஆறவிடக்கூடாது. முதலில் பொறி. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் நடுவிலிருந்து காயில் வயரைப் பிடுங்கி, உலர்ந்த ரப்பர் பிடியுள்ள கட்டிங் பிளையரால் பிடித்து, எஞ்சின் இரும்பிலிருந்து அரை சென்டிமீட்டர் தள்ளி வைத்து செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். நல்ல பொறி குதிக்கவில்லையா? பாயின்ட்டும் கண்டென்சரும் சரியாக இருந்தால் காயில்தான். காயில் மேல் ஈரத்துணி சுற்றிப் பார்த்தால் ஊர்ஜிதமாகிவிடும். பொறி நன்றாகக் குதித்தால் சாவியை அணைத்துவிட்டு ஏர் ஃபில்டரைக் கழற்றுங்கள். டார்ச் அடித்துக் கார்புரேட்டரின் தொண்டையைப் பார்த்தபடி ஆக்ஸிலரேட்டர் லீவரைக் கையால் ஒரு முறை அழுத்துங்கள். மெல்லிய பெட்ரோல் பீச்சு தெரிந்தால் கிண்ணத்தில் பெட்ரோல் இருக்கிறது, வேப்பர் லாக் இல்லை. வறண்டு கிடந்தால் மட்டுமே பம்ப்பையும் குழாயையும் சந்தேகப்படுங்கள். இரண்டு நிமிட வேலை, எதையும் கழற்றிப் பிரிக்கவில்லை.

ஓடும்போது நன்றாக இருந்து, பெட்ரோல் பங்கிலோ டீக்கடையிலோ பத்து நிமிடம் நிறுத்திவிட்டுக் கிளப்பும்போது மட்டும் மக்கர் செய்தால் கதை வேறு. அம்பாசடரில் சைலன்சர் குழாய் தொடங்கும் மேனிஃபோல்டுக்கு நேர் மேலே கார்புரேட்டர் இருக்கிறது. எஞ்சின் நின்றதும் அந்தச் சூட்டில் கிண்ணத்துப் பெட்ரோல் பொங்கி உள்ளே வழிகிறது. இது ஓவர்ஃப்ளோ. ஆக்ஸிலரேட்டரைப் படபடவென்று மிதித்தால் இன்னும் பெட்ரோல் பீச்சி நிலைமை மோசமாகும். சோக் வேண்டாம். ஆக்ஸிலரேட்டரைத் தரையோடு அழுத்தி, அப்படியே பிடித்துக்கொண்டு செல்ஃப் அடியுங்கள். காற்று உள்ளே புகுந்து அதிகப்படி பெட்ரோலை வெளியே தள்ளிவிடும். இதற்கு மெக்கானிக் தேவையில்லை.

சாவியைத் திருப்பிப் பிடித்திருக்கும்வரை எஞ்சின் ஓடி, சாவியை விட்டதும் நின்றுவிடுகிறதா? காயிலுக்கு முன்னால் பாலாஸ்ட் ரெசிஸ்டர் வைத்த கார்களில் அந்த ரெசிஸ்டர் அறுந்துவிட்டது என்று அர்த்தம். கார்புரேட்டருக்கும் இதற்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது.

பொறி நன்றாக இருந்தும் மிஸ்ஸிங் தீரவில்லை என்றால், எந்தச் சிலிண்டர் சோம்பேறி என்று பார்க்கலாம். பாயின்ட் வைத்த பழைய கார்களில், எஞ்சினை அணைத்து ஒரு பிளக் வயரைக் கழற்றி, அதன் முனை இரும்பைத் தொடும்படி வைத்துவிட்டு ஓடவிடுங்கள். வேலை செய்யும் சிலிண்டரின் வயரைக் கழற்றினால் உதறல் கூடும். கழற்றியும் எந்த மாற்றமும் இல்லையென்றால், அந்தச் சிலிண்டர் முன்பே தூங்கிக்கொண்டிருந்தது. மூன்று சிலிண்டர் மாருதியில் இது மிகத் தெளிவாகத் தெரியும், ஒன்று போனால் ஸ்டியரிங் வரை ஆடும். பிறகு அந்தச் சிலிண்டரின் பிளக்கைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றுங்கள். நோயும் கூடவே போனால் பிளக் குற்றவாளி. போகாவிட்டால் வயரை மாற்றிப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். நாலையும் சேர்த்து மாற்றினால் வண்டி சரியாகலாம், எதனால் சரியாயிற்று என்பது தெரியாமலே போய்விடும்.

பெட்ரோல் பக்கம் சந்தேகம் உறுதியானாலும் கார்புரேட்டர் கடைசிதான். சில கிலோமீட்டர் ஓடி நின்றால் முதலில் டேங்க் மூடியைத் திறங்கள். ‘புஸ்’ என்று காற்று உள்ளே இழுத்தால், மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. ஒரு குண்டூசி வேலை. அடுத்து ஃபில்டர், பிறகு பம்ப்பின் டயாப்ரம்.

ரப்பருக்கு இப்போது புதிய எதிரியும் வந்திருக்கிறது. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் அறிமுகமாகி, 2025-க்குள் நாடு முழுக்கப் பரவிவிட்டது. பழைய கார்களின் ரப்பர் குழாயும் டயாப்ரமும் கார்க் கேஸ்கட்டும் இதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. ஊறி உப்புகின்றன, அல்லது பிசுபிசுக்கின்றன. எத்தனால் தன்னோடு ஆக்ஸிஜனைக் கொண்டுவருவதால் அதே ஜெட்டில் கலவை கொஞ்சம் மெலிகிறது. காலைக் குளிரில் ஆவியாகவும் சிரமப்படுகிறது. எனவே பழக்கத்துக்கு மேல் சோக் இழுக்கவேண்டியிருந்தால் அது நோயல்ல. எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தையும் உறிஞ்சும். மழைக்காலம் முழுக்க பாதி டேங்கோடு நின்ற காரில், தண்ணீர் பிரிந்து அடியில் தங்கும். பம்ப் முதலில் உறிஞ்சுவது அதைத்தான். எத்தனாலைத் தாங்கும் குழாய்களுக்கு மாறிவிடுவது மலிவான இன்ஷூரன்ஸ். பெட்ரோல் கசிவு மிஸ்ஸிங்கோடு நிற்காது, தீயில் முடியும்.

காற்றுக் கசிவைப் பிடிக்கக் காதே போதும். ஒரு அடி நீள ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறு முனையை மேனிஃபோல்டு ஓரமாகவும் கார்புரேட்டரின் அடியிலும் மெல்ல நகர்த்துங்கள். சீறல் கேட்கும் இடத்தில் கேஸ்கட் போயிருக்கிறது. 1489 சி.சி. எஞ்சின் அம்பாசடரில் இன்னொரு சூட்சுமம் உண்டு. அதன் ஹெட்டில் 1, 2 சிலிண்டர்களுக்குப் பொதுவாக ஒரு நுழைவாயில், 3, 4-க்கு இன்னொன்று. எனவே முதல் இரண்டும் ஜோடியாகச் சோம்பினால் மேனிஃபோல்டு கேஸ்கட்டைப் பாருங்கள். 2-ம் 3-ம் ஜோடி சேர்ந்தால் காற்றுக் கசிவு அல்ல, நடுவில் ஹெட் கேஸ்கட் எரிந்திருக்கலாம்.

மாசுக் கட்டுப்பாட்டுச் சான்றிதழை கண்ணாடிப் பெட்டிக்குள் திணிப்பதற்கு முன் ஒரு முறை படியுங்கள். அதில் உள்ள இரண்டு எண்கள் இலவச நோயறிக்கை. கார்பன் மோனாக்ஸைடு அதிகம் என்றால் கலவையில் பெட்ரோல் அதிகம், அப்போது கார்புரேட்டரைத் தொட நியாயம் இருக்கிறது. மோனாக்ஸைடு குறைவாக இருந்து ஹைட்ரோகார்பன் மட்டும் எகிறியிருந்தால், பெட்ரோல் எரியாமலே வெளியேறுகிறது. அதாவது மிஸ்ஸிங். பொறியையோ காற்றுக் கசிவையோ தேடுங்கள். இதைச் சொல்லாமல் கார்புரேட்டர் ஸ்க்ரூவைத் திருகியே அளவுக்குள் கொண்டுவந்து சான்றிதழ் தருபவர்கள் உங்களுக்கு உபகாரம் செய்யவில்லை.

மாருதி 800-ன் பிந்தைய மாடல்கள், 1998-ல் வந்த சான்ட்ரோ போன்ற இன்ஜெக்ஷன் கார்களும் இப்போது பழைய கார்களே. அவற்றில் கார்புரேட்டரும் இல்லை, பாயின்ட்டும் இல்லை. பிளக் வயரைக் கழற்றி ஓடவிடும் சோதனை அங்கே வேண்டாம். எரியாத பெட்ரோல் கேடலிடிக் கன்வர்ட்டரைச் சுட்டுவிடும், எலெக்ட்ரானிக் பாகங்களும் கெடலாம். ஆனால் எப்போது என்ற கேள்வி அங்கேயும் செல்லும். சூட்டில் நின்று ஆறினால் கிளம்பும் நோய்க்கு அங்கே முதல் சந்தேகம் கிராங்க் சென்சார். குளிரில் மட்டும் தகராறு என்றால் எஞ்சின் சூட்டை அளக்கும் சென்சார்.

இவ்வளவும் பார்த்தும் ஒரு சிலிண்டர் எழவில்லை என்றால் கம்ப்ரஷன் பார்க்கவேண்டும். எல்லாப் பிளக்கையும் கழற்றி, காயிலின் இணைப்பை எடுத்துவிட்டு, ஆக்ஸிலரேட்டரை முழுக்க அழுத்தியபடி செல்ஃப் அடித்து, ஒவ்வொரு சிலிண்டராக அளக்கவேண்டும். ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால், பிளக் துவாரத்தில் ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி அளக்கச் சொல்லுங்கள். அளவு ஏறினால் ரிங் தேய்மானம். ஏறாவிட்டால் வால்வ்.

வால்வ் என்று வந்தாலும் ஹெட்டை இறக்க அவசரப்படாதீர்கள். டேப்பட் இடைவெளியை அளந்து பாருங்கள். ஈயம் கலந்த பெட்ரோல் 2000 பிப்ரவரியில் நாடு முழுவதும் நிறுத்தப்பட்டது. அதுவரை எக்ஸாஸ்ட் வால்வுக்கும் அதன் சீட்டுக்கும் இடையே மெத்தைபோல இருந்தது அந்த ஈயம்தான். அது போனபின், பழைய இரும்பு ஹெட்களில் வால்வ் கொஞ்சம் கொஞ்சமாகச் சீட்டுக்குள் அமிழ்கிறது. டேப்பட் சத்தம் குறைந்து எஞ்சின் அமைதியாகிவிட்டது என்று நாம் சந்தோஷப்படும்போது, இடைவெளி செத்து, வால்வ் முழுதாக மூடாமல் கருகிக்கொண்டிருக்கும். இடைவெளியைத் திருத்தியதும் கம்ப்ரஷன் திரும்பினால் பிழைத்தீர்கள். திரும்பாவிட்டால் ஹெட்டை இறக்கத்தான் வேண்டும். அப்போது வெறும் வால்வ் கிரைண்டிங்கோடு விடாமல், கடினப்படுத்திய எக்ஸாஸ்ட் வால்வ் சீட்டுகளைப் பதிக்கச் சொல்லுங்கள். லேத் வேலை என்பதால் நாலைந்து நாள் பிடிக்கும்.